எங்கே என்று கேட்காமல்

பஸ் கிளம்பிவிட்டது. சத்தத்தை வைத்து இல்லை, புளி ஜாடியில் சாய்த்து வைத்திருக்கும் என் போனுக்குள் ஒரு தூண் மெல்லப் பின்னால் நகர்வதை வைத்துத்தான் எனக்கு அது தெரிகிறது. அங்கே ஸ்பெயினில் மணிமொழி தன் போனை ஜன்னல் கண்ணாடியில் வெளியே பார்க்கும்படி நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள் முகம் எனக்குத் தெரியாது, அவள் எதைப் பார்க்கிறாளோ அது மட்டும் தெரியும். சலமான்காவில் இப்போதுதான் காலை வெயில், மன்னார்குடியில் உச்சிவேளை, அடுப்படியில் நானும் ஒரு வாழைப்பூவும். சனிக்கிழமைதோறும் இப்படித்தான். வாரம் முழுக்கப் பழைய கட்டடங்களின் கல்லை எப்படிக் காப்பாற்றுவது என்ற படிப்பு, சனிக்கிழமையானால் ஒரு பஸ், ஒரு ஊர், சாயங்காலம் அறைக்குத் திரும்புவது. முதல் வாரம் பயத்தில் கூப்பிட்டாள், என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் திணறினோம், அப்புறம் அவளே ஒரு வழி சொன்னாள், பேசவேண்டாம்ப்பா, சும்மா வச்சிருங்க. சும்மா வைத்திருக்கிறேன். ஊர் வந்ததும் போயிட்டு வரேன்ப்பா என்று சொல்லிப் போனைப் பைக்குள் போட்டுவிடுவாள், எப்போதாவது பார்க்க ஏதாவது இருந்தால் மறுபடி கூப்பிட்டுக் காட்டுவாள், மற்றபடி அதோடு சரி. இன்றைக்கு ஊர் வருவதற்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். நேற்றுச் சாயங்காலம் கேட்டாள். அவளுடைய பேராசிரியை இன்னும் நான்கு வருஷம் அங்கேயே ஆராய்ச்சி செய்ய இடம் தருகிறாளாம், திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டுமாம். என் மனைவி பரிமளா ஒரு நொடி யோசிக்கவில்லை, இருடி, கிடைக்குமா இதெல்லாம் என்றுவிட்டு இட்லிக்கு ஊறப்போடப் போய்விட்டாள், பள்ளிக்கூட டீச்சர், முடிவு எடுப்பதில் அவளுக்கு என்றைக்கும் தாமதமில்லை. மணிமொழி போனைக் கீழே வைக்கவில்லை. "அம்மா சொன்னது இருக்கட்டும். நீங்க சொல்லுங்கப்பா. இருக்கவா, வந்துடவா?" நாளைக்குப் பஸ்ஸில் பேசுவோம் என்று தள்ளிப்போட்டேன். நாளை வந்துவிட்டது, பஸ்ஸும் கிளம்பிவிட்டது, நான் மடல் உரித்துக்கொண்டிருக்கிறேன்.

வாழைப்பூவுக்கு அவசரம் ஆகாது. மடலைப் பிரித்தால் உள்ளே சீப்பு மாதிரி வரிசையாகப் பூக்கள், ஒவ்வொன்றையும் விரித்து நடுவில் தீக்குச்சித் தலையோடு விறைத்து நிற்கிற நரம்பைக் கிள்ளவேண்டும், எங்கள் பக்கம் அதைக் கள்ளன் என்போம், ஒரு கள்ளன் தப்பித்துச் சட்டிக்குள் போனாலும் வாயில் நறநறவென்று காட்டிக்கொடுத்துவிடுவான். கிள்ளியதை மோர்த் தண்ணீரில் போடவேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். பரிமளாவுக்குச் சனிக்கிழமையும் சிறப்பு வகுப்பு இருப்பதால் இன்றைக்குச் சமையல் என்னுடையது. ஓமனில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்ட சமையல். அங்கே சோஹாரில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அளவு காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை, இங்கிலீஷில் படித்து இங்கிலீஷில் எழுதி வைத்துவிட்டு, அறைக்கு வந்து தமிழில் வெங்காயம் உரிப்பேன். ஒரே வயிற்றுக்கு இரண்டு பாஷை. அங்கே வாழைப்பூ கிடைக்காது, கிடைத்தாலும் உரிக்கப் பொறுமை கிடையாது, இப்போது இரண்டும் இருக்கிறது, சாப்பிட வேண்டியவள் இல்லை. இதென்ன, ஒரு வாழைப்பூவைப் பார்த்து இவ்வளவு தூரம் போகிறேன். போனுக்குள் மஞ்சள் கல் சுவர்கள் நகர்கின்றன. அந்தக் கல்லைப் பற்றி ஒருநாள் சொன்னாள், பக்கத்து ஊர்க் கல்லாம், வெட்டி எடுக்கும்போது மெத்தென்று ஈரமாக இருக்குமாம், எப்படி வேண்டுமானாலும் செதுக்கலாமாம், காற்றுப் பட்டுப் பட்டுத்தான் கெட்டிப்படுமாம், இந்தப் பொன் நிறமும் அப்புறம் வருவதுதானாம். நம்ம ஊர்க் கல் பிறக்கும்போதே கிழவனாகப் பிறந்துவிடுகிறது அப்பா என்றாள். சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அந்த மெத்தென்ற கல் என்னை விடவில்லை. அவள் மெத்தென்று இருந்த காலத்தில் நான் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தேன், வருஷத்துக்கு ஒரு மாத லீவில் வந்து பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கெட்டிப்பட்டிருப்பாள்.

சுவர்கள் முடிந்து வயல் வந்துவிட்டது. சித்திரை மாதத்தில் அங்கே கோதுமை பச்சை, ஓரத்தில் சிவப்பாக ஏதோ பூ, நடுவில் வேல மரம் மாதிரி குட்டையான மரங்கள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று பேசாமல் நிற்கின்றன. எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்பதில்லை. கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது, அது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம், கேட்டால் போகிற காரியம் தடைப்படும், தெரிந்தே ஆகவேண்டுமென்றால் தூரமா என்று கேட்கலாம், அதுவும் மெதுவாக. இந்த மாதிரி விஷயங்களை நான் நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை என்பேன், ஆனால் எங்கே என்று கேட்கச் சொன்னால் கேட்கமாட்டேன். அதனால் சாலையோரப் பலகைகளைப் படித்து நானே கண்டுபிடிப்பேன். கல்லால் வானத்தில் கட்டிய வாய்க்காலைத் தாங்கி நிற்கும் வளைவுகளைப் பார்த்த அன்று அது செகோவியா என்று பலகை சொன்னது; சுண்ணாம்பில்லாமல், சாந்தில்லாமல் ஒன்றையொன்று சாய்ந்தே நிற்கும் கற்கள் என்றாள், நான் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது, மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு. ஊரைச் சுற்றி மதில் போட்ட ஆவிலாவில் மதில் மேல் ஏறி நடந்தாள், காற்று போனுக்குள் குடியேறிக் கத்தியது, இறங்கும்மா இறங்கு என்று நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த முதல் சனிக்கிழமை. ஏதோ ஒரு சின்ன ஊரில் மத்தியானம் இறங்கியிருக்கிறாள், தெருவில் ஒரு கடை திறந்திருக்கவில்லை, ஷட்டர் எல்லாம் கீழே, ஆள் நடமாட்டமில்லை, நாய்கூட இல்லை. "அப்பா, யாரோ பெரிய தலைவர் போயிட்டார் போல, ஊரே மூடிக் கெடக்கு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ரோட்டில் நிற்காதே, கல்லெறிவார்கள், பஸ்ஸை நிறுத்துவார்கள், கிடைக்கிற வண்டியில் உடனே திரும்பிவிடு என்று விரட்டினேன். அவளும் கட்டுச்சோற்றைப் பிரிக்காமலே அடுத்த பஸ்ஸில் அறைக்கு ஓடி வந்துவிட்டாள், கூடத் தங்கியிருந்த பெண்ணிடம் யார் செத்தது என்று கேட்டிருக்கிறாள். யாரும் சாகவில்லை, எல்லாரும் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். தினமும் அப்படித்தானாம், சாயங்காலம்தான் மறுபடி திறப்பார்களாம். அதில் வேடிக்கை, ஓமனிலும் மத்தியானம் கடை அடைப்பார்கள், அத்தனை வருஷம் அந்த மூடிய ஷட்டர் நிழலில் நடந்து அறைக்குப் போனவன் நான். ஆனாலும் மகள் ஒரு தெருவில் தனியாக நிற்கிறாள் என்றதும் ஓமன் ஞாபகம் வரவில்லை, நம் ஊர் கடையடைப்புதான் வந்தது. பயம் எந்த ஊருக்குப் போனாலும் பிறந்த ஊர்க்காரனாகவே இருக்கிறது.

படம் நின்றுவிட்டது. பச்சை வயல் பாதி கலைந்து, ஒரு மரம் இழுபட்டு, அப்படியே உறைந்து நிற்கிறது. சத்தமும் இல்லை. சிக்னல் இல்லாத இடமாக இருக்கும், போன மாதம்கூட இப்படி நின்றது, தானாக வரும். விரலெல்லாம் பிசுக்குக் கறை, தொட்டால் போன் வீணாகும், புறங்கையால் ஒருமுறை தட்டிப்பார்த்தேன், ஒன்றுமில்லை. சரி, இன்னொரு மடல். இந்த நேரம் பார்த்துத்தான் மனசு தன் கடையைத் திறக்கும். பஸ் உருண்டால். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து. இல்லை, அதெல்லாம் இல்லை, பெரிய பயம் அதுவல்ல, பெரிய பயத்துக்குச் சத்தமே கிடையாது. இரு என்று நான் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதுதான் பயம். நான் அந்த வழியில் போய் வந்தவன். இரண்டு வருஷம் என்று போனேன், வீட்டு மேல்மாடி என்றார்கள், அக்கா மகள் கல்யாணம் என்றார்கள், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை, நானே இருந்துகொண்டேன், கடைசியில் பெட்டியோடு வந்து இறங்கியபோது இந்த வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று எனக்குத் தெரியவில்லை. மணிமொழிதான் கூடவே வந்து காட்டினாள், இது கூடம், இது வாசல், இதத் தொடாதீங்க, ஷாக் அடிக்கும். அதற்கு மறு வருஷம் அவள் கிளம்பிவிட்டாள். வந்துடு என்று சொல்லலாம். வந்துவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள்தான், இங்கே வந்து ஏதோ ஒரு வேலையில் உட்கார்ந்து, சனிக்கிழமை என் எதிரே இருந்து வாழைப்பூ ஆய்வாள், கள்ளனைக் கிள்ளும்போதெல்லாம் அந்த வானத்து வாய்க்கால் அவள் கண்ணில் தெரியும், நான் அதைப் பார்க்காத மாதிரி இருக்கவேண்டும். இரு என்றால் என் மகள் என்னைப் போலாகிவிடுவாளோ. வா என்றால் என்னுடைய தனிமைக்கு அவளைத் துணைக்கு வைத்துக்கொண்டவன் ஆவேனோ. முள் நடுவிலேயே நடுங்கிக்கொண்டு நிற்கிறது, கட்டுப்பாட்டு அறையாக இருந்தால் ஒரு வால்வைத் திருப்பியிருப்பேன்.

வந்துவிட்டது, மரம் நகர்கிறது. உயிர் வந்த மாதிரி வயல் ஓடுகிறது. கூடவே குரல்கள். யாரோ ஒரு வயசான அம்மாள் அவளிடம் ஏதோ கேட்கிறாள், தெலுங்கு மாதிரி வேகமாக, ஆனால் ஒரு சொல்லும் புரியாமல். மணிமொழி பதில் சொல்கிறாள், அந்தப் பாஷையில் அவள் குரல் வேறாக இருக்கிறது, கொஞ்சம் தைரியமாக, கொஞ்சம் உரக்க, சிரிப்பைச் சீக்கிரம் எடுத்து வைக்கிற குரல். எனக்குத் தெரியாத ஒரு மகள். அப்புறம் போனுக்கு அருகே வந்து, எங்களுடைய குரலில், "எங்க போறேன்னு கேக்கறாங்கப்பா. சமோரான்னு சொன்னேன். இங்க எல்லாரும் மொதல்ல இதத்தான் கேக்கறாங்க" என்றாள். ம் என்றேன். அவள் கொஞ்சம் பொறுத்தாள். பதில் வரும் என்று பொறுத்தாள் என்று தெரிந்தது. வாழைப்பூ ஆஞ்சிட்டிருக்கேன் என்றேன், என்ன மடத்தனம். கோலா உருண்டையா, பொரியலா என்றாள். பொரியல், உன் அம்மாவுக்குக் கோலா ஆகாது. "கள்ளன ஒழுங்கா எடுங்க. போன தடவ எனக்கு வாயெல்லாம் குச்சி." எடுக்கிறேன்டா. அவ்வளவுதான் பேச்சு. அந்த அம்மாளுக்கு எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது, எங்கே போகிறாய், ஒரு சகுனமும் கெடவில்லை, பஸ் பாட்டுக்கு ஓடுகிறது. என் மகள் எங்கே போகிறாள் என்று ஒரு அந்நிய மனுஷி கேட்டுத்தான் எனக்குத் தெரியவேண்டியிருக்கிறது.

ஆனால் ஒரு காலத்தில் எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. கேட்டவள் இவள்தான். லீவு முடிந்து நான் கிளம்புகிற நாளில் வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும். கார் வாசலில் நிற்கும். ருக்மணி அக்கா தெருவில் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்து, யார் எதிரே வருகிறார்கள் என்று நோட்டம்விட்டு, ம், கிளம்புடா தம்பி என்று கண்ணால் சொல்வாள், பரிமளா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் வலது காலை எடுத்து வெளியே வைத்ததும், பின்னாலிருந்து கணீரென்று, "எங்கப்பா போற?" நான்கு வயசு. அக்கா ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டுட்டாளே, வா உள்ள, உக்காரு, தண்ணி குடிச்சிட்டு அப்புறம் போ. கேட்டுவிட்டால் அதுதான் பரிகாரம், திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, புதிதாகக் கிளம்புவதுபோல மறுபடி கிளம்பவேண்டும். செருப்பைக் கழற்றினேன், உட்கார்ந்தேன், குடித்தேன், போனேன். அடுத்த வருஷமும் கேட்டாள். அதற்கடுத்த வருஷம் காலையிலிருந்தே அக்கா அவளுக்குப் பாடம் நடத்தினாள், அப்பா கிளம்பும்போது வாயைத் திறக்கப்படாது, திறந்தா கிள்ளிடுவேன். சரி அத்தை, சரி அத்தை என்று தலையாட்டினாள். வலது கால் வெளியே போனதும் எங்கப்பா போற. கிள்ளு வாங்கினாள், அழவில்லை, உள்ளே ஓடிப்போய் அவளே தண்ணீர் கொண்டுவந்தாள். தம்ளரில் இல்லை, செம்பில். பூஜைக்குத் தண்ணீர் எடுக்கிற பெரிய செம்பில், தளும்பத் தளும்ப, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, கவுன் நனைய. இந்தப் பொண்ணுக்கு எப்பத்தான் புத்தி வருமோ என்று அக்கா புலம்பிக்கொண்டிருந்தாள். நான் செம்பைத் தூக்கிக் குடித்தேன், குடிக்கும்போது விளிம்புக்கு மேலே அவள் கண்கள் தெரிந்தன. என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் மறந்துபோய்க் கேட்கவில்லை, புத்தியில்லாமல் கேட்கவில்லை. கேட்டால் அப்பா உள்ளே வருவார், உட்காருவார், தண்ணீர் தீருகிறவரை இருப்பார். நான் மெதுவாகக் குடித்தேன். கார்க்காரன் ஹாரன் அடித்தான், இன்னும் மெதுவாகக் குடித்தேன். யாரிடமும் இதைச் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை, எங்கள் இரண்டு பேருக்குள் அது வருஷாவருஷம் நடந்தது, அவள் கேட்பதும், கிள்ளு வாங்குவதும், செம்பும். பிறகு ஒரு வருஷம் கேட்கவில்லை. உயரமாகியிருந்தாள், இரட்டைப் பின்னல், நிலைப்படியில் அம்மா பக்கத்தில் நின்று, போயிட்டு வாங்கப்பா என்றாள். பாரு, பொண்ணு எப்படித் தேறிட்டா என்று அக்கா மெச்சினாள். நான் காரின் கதவைத் திறந்துவிட்டு, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றேன். பாஸ்போர்ட் கையில்தான் இருந்தது.

கடைசி மடல். இதற்குமேல் உள்ளே வெறும் குருத்து, வெள்ளையாக, பால் நிறத்தில், அதை அப்படியே நறுக்கலாம். போனுக்குள் வயல் முடிந்துவிட்டது, கிடங்குகள், பெட்ரோல் பங்க், சிவப்பு ஓட்டு வீடுகள், ஒரு ஆறு, ஆற்றின் மேல் பாலம், தூரத்தில் மேட்டில் ஒரு பழைய ஊர். பலகையில் சமோரா, நான் படிக்கத் தேவையில்லாத பலகை. ஆட்கள் எழுந்து பை எடுக்கிற சத்தம். இரு. வா. இரு. இரண்டும் ஒற்றைச் சொல், இரண்டையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறேன், வாழைப்பூக் கறைபோல இரண்டும் துவர்க்கிறது. பஸ் நிற்கிறது. படம் சுழன்று கூரை, கம்பி, யாரோ ஒருவருடைய தோள், அப்புறம் வெளிச்சம், இறங்கிவிட்டாள். முதல்முறையாக இன்றைக்கு அவள் முகம் வந்தது, கீழேயிருந்து மேலே பார்க்கிற மாதிரி, மோவாயும் மூக்கும் கலைந்த முடியும். என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்கவே மாட்டாள், இரட்டைப் பின்னல் போட்ட அன்றைக்கே தேறிவிட்டவள். "சரிப்பா. வச்சிடறேன். போயிட்டு வரேன்."

"எங்கம்மா போற?" என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன், இல்லை, முடி காற்றில் ஆடுகிறது. எங்கே என்று இன்றைக்கு எனக்கே தெரியும், அவளே சொல்லியிருக்கிறாள், சொன்னது அவளுக்கும் ஞாபகம் இருக்கும். உதட்டை ஒரு மாதிரி உள்ளே மடித்துக்கொண்டாள், சின்ன வயசில் கிள்ளு வாங்கும்போது மடிப்பாளே, அதே மாதிரி. அப்புறம் படம் ஆடியது, தரை, அவளுடைய செருப்பு, நான்கைந்து காலடி, ஒரு சிமெண்டு பெஞ்சு. உட்கார்ந்தாள். போனைப் பக்கத்தில் மல்லாக்க வைத்துவிட்டாள். எனக்கு இப்போது வானம் மட்டும்தான், நீலமாக, அதன் ஓரத்தில் ஒரு பழைய புகைபோக்கி, அதன் உச்சியில் சுள்ளிச் சுமை மாதிரி ஒரு நாரைக் கூடு, கூட்டில் நாரை நின்றுகொண்டிருக்கிறது. பையின் ஜிப் திறக்கிற சத்தம். மூடி திருகுகிற சத்தம். அப்புறம் மடக், மடக் என்று தொண்டை.

"அத்த பக்கத்துல இல்லையே? கிள்ளப்போறாங்க" என்றாள்.

"இல்ல. நாம ரெண்டு பேருந்தான்."

"பெரிய பாட்டில்ப்பா."

"மெதுவா குடி" என்றேன். "திங்கக்கிழம அவங்ககிட்ட சரின்னு சொல்லிடு. நாலு வருஷமும் இரு. லீவுக்கு லீவு வா, நானும் வரேன், அந்த மதில் மேல ஏத்திக் காட்டு. கெளம்பறப்பல்லாம் கேப்பேன், சொல்லிட்டேன்." நாரை ஒரு காலை மடக்கிக்கொண்டது. "இப்ப அதெல்லாம் வேணாம். இப்பக் குடி."

குடிக்கிற சத்தம் கேட்டது, நிறுத்தி, மறுபடி கேட்டது. மோர்த் தண்ணீருக்குள் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க முடியவில்லை, வானம்தான் தெரிந்தது.